திரும்பி வந்த முறுக்கு

கிறிஸ்மஸ் முடிந்த வாரம், ஈப்போவிலிருந்து தைப்பிங் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அவள் கணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மறுபக்கம் இருந்த தோழியிடம் அவள் சொன்னாள்:

"நான் சுட்ட முறுக்கே எனக்குத் திரும்பி வந்திருக்குக்கா!"

"யாரு அனுப்புனா?"

"கணக்கெழுதுற கிராணி வீடு, கங்காணி வீடு, எதுத்த வீடு, மூணு வீட்டுக்கும் தட்டுல வச்சுக் குடுத்தேன். தட்ட வெறுமனே திருப்பக் கூடாதுன்னு சீனி வைப்பாங்க, பழம் வைப்பாங்க. இவளுங்க என் முறுக்கையே வச்சு அனுப்பியிருக்காளுங்க!"

"அவங்க சுட்டதா இருக்கும்லா."

"என் அச்சுல ஒரு பல்லு ஒடஞ்சு கெடக்கு. என் முறுக்கு எனக்குத் தெரியாதா?"

"மூணு வீட்டுலயுமா? நீ தின்னு பாத்தியா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உப்பு இல்ல."

"சுடறப்பவே பாக்கலியா?"

"அன்னிக்கு ஒருசந்தி விரதம் இருந்தேன்க்கா. மாதா கோயில்ல ராப்பூசை முடியாம பலகாரத்த வாயில வைப்பேனா? அதுக்கு? உப்பில்லடின்னு ஒருத்தியாச்சும் வந்து சொல்லக் கூடாது? வெக்கமில்லாம திருப்பி அனுப்புறாளுங்க!"

"உன் வீட்டுலயும் யாரும் சொல்லலியா?"

அவள் சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள்.

"தூங்குனது போதும், எந்திரிங்க. நல்லாருக்கு நல்லாருக்குன்னு மிச்சம் வைக்காம தின்னீங்களே, உங்க நாக்கு எங்க போச்சு?"

தைப்பிங் வரும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.