மாடிப் போர்ஷன் வால்வு

வாடகைக்காக நான் யாரிடமும் குரலை உயர்த்தியதே இல்லை, ஐயா. முண்டியம்பாக்கத்தில் என் வீட்டில் பதினோரு வருடமாகக் குடித்தனக்காரர்களை வைத்திருக்கிறேன். தேவநாதன் தங்கமான மனுஷன் என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிக் குழாய், தனி வால்வு. ஐந்தாம் தேதிக்குள் வாடகை வராவிட்டால் அந்த வால்வைக் கொஞ்சம் திருகிவிடுவேன். முழுதாக அல்ல, நூல் மாதிரி ஒழுகும். தண்ணீர் கேட்டு வருகிறவர்களுக்கு என் முகத்தைப் பார்த்ததும் வாடகை ஞாபகம் வந்துவிடும். சண்டை இல்லை, சச்சரவு இல்லை.

மாடியில் சீனுவாசனும் அவன் மனைவி வெண்ணிலாவும். அவன் திண்டிவனத்தில் லோடு வண்டி ஓட்டுகிறான். அவளுக்கு ஏழாம் மாதம். வண்டி ரிப்பேரில் கிடந்ததால் போன மாதம் வாடகை நின்றுபோயிற்று. ஆறாம் தேதி காலையில் இறங்கி வந்தாள்.

"அண்ணே, கொழாயில தண்ணியே வர்லண்ணே."

"மோட்டாரு பேஜாரு பண்ணிக்கினு இருக்குதும்மா. கீழ பம்புல புடிச்சிக்க."

நாலு நாள் குடம் தூக்கினாள். படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்குவது என் அறைவரை கேட்கும். மனசு கேட்கவில்லைதான். சாயங்காலம் திறந்துவிடலாம் என்று தினமும் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். மற்ற போர்ஷன்காரர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்தாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிள்ளையையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள்.

வீடு திரும்பியதும் சீனுவாசன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்க மட்டும் ஆம்புலன்ஸ கூப்டலன்னா இவளும் போயிருப்பாண்ணே."

கையோடு வாடகையையும் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பாவி, ஐயா.

அவள் அலறியதும் ஓடியது நான்தான், அதில் பொய் இல்லை. ஆனால் நாலு பேர் வந்து பார்க்கும்போது குழாயில் தண்ணீர் இல்லாவிட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? மொட்டைமாடிக்கு அந்த ஒரே படிக்கட்டுதான். ரத்தத்தில் கிடந்தவள் "அண்ணே" என்று கையை நீட்டினாள். அவளைத் தாண்டித்தான் மேலே போனேன். போனுக்கு சிக்னல் தேடிப் போனதாக இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை வால்வை நான் ரொம்ப இறுக்கமாக மூடியிருந்தேன். திறக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம்தான் போனை எடுத்தேன்.