கெசீனாவின் கரகரப்பு

எனக்குக் காற்று வேண்டும். எங்கள் வெஸ்ட்ஃபாலியாவில் இதுவே பாதிக் குற்றம். பேருந்தில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால், கழுத்தில் காற்றுப் பட்டுச் செத்துப்போவோம் என்று வண்டியே அலறும். ஆகவே, ஜன்னலைத் திறந்தவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கெசீனா டாப்பர்ட் மேடையேறிப் பாடத் தொடங்கிய வருடம் அது. வண்டியோட்டி, ஒலிபெருக்கிக்காரன், ரசிகர் மன்றத் தலைவர் எல்லாம் நானே. மன்றத்தில் என்னைத் தவிர அவள் அம்மா இருந்தார். கெசீனாவின் குரல் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கும். அதனால்தானோ என்னவோ, அவள் பாடிய ஊர்த் தீயணைப்புப் படை விழாக்களில் ஒருவரும் சாசேஜிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அக்டோபரில் பாடர்போர்னில் ஒரு பர்னிச்சர் கடைத் திறப்பு. அன்று அவளுக்கு நல்ல ஜலதோஷம். கரகரவென்று பாடினாள். அலமாரிக்குள் தலையை விட்டிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து உட்கார்ந்து அழுதாள். சோபா வாங்க வந்திருந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் சீபார்ட் நேராக மேடைக்கே வந்துவிட்டார்.

“இந்தக் கரகரப்பை விட்டுராதம்மா. உன் பிழைப்பே இதுலதான் இருக்கு.”

“சார், இது சளி. வியாழக்கிழமைக்குள்ள போயிரும்.”

போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று.

கஷ்டமான வேலை இல்லை. வண்டியில் அவள் பக்கத்து ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டுக் கைப்பிடியைக் கழற்றிவைத்தேன். அவளுடைய கழுத்துத் துணிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ரசிகர்கள் எடுத்துப் போகிறார்கள் என்றேன். அவளுக்கு ஒரே பெருமை.

“டேய் வோல்க்மார், கழுத்துல காத்து அடிக்குதுடா. மூடித் தொலையேன்.”

“கைப்பிடி உடைஞ்சிருச்சு கெசீனா. சத்தமாப் பாடிக்கிட்டே வா, சூடாயிரும்.”

“உன்னைக் கட்டிக்கப்போறவ பாவம்டா.”

ஆனாலும் பாடினாள். நெடுஞ்சாலை இரைச்சலுக்கு மேலே, ஹானோவர் வரைக்கும்.

பிப்ரவரியில் இசைத்தட்டு வந்தது. ஏப்ரலில் தொலைக்காட்சி. அங்கே தட்டை ஓடவிட்டு வாயசைத்தால் போதும், தொண்டைக்கு ஓய்வு. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. மறுநாளே மூன்று பீர்க் கூடாரங்களில் பாட ஏற்பாடு செய்தேன்.

மே மாதம், அவளைச் சோதித்துப் பார்த்த தொண்டை டாக்டரின் கடிதம் ரசிகர் கடிதங்களோடு கலந்து என் கைக்கு வந்தது. குரல் நாண்களில் முடிச்சுகள். மூன்று மாதம் பாடக் கூடாது. மீறினால் குரல் திரும்பாது. டாக்டர்களுக்கு இவ்வளவு தெளிவான கையெழுத்து அபூர்வம். நான்கு தடவை படித்தேன்.

“டாக்டர் என்னடா எழுதியிருக்காரு?”

“பயப்படாமப் பாடச் சொல்றாரு.”

“அப்பாடா. நான் என்னமோன்னு நினைச்சேன்.”

அந்தக் கோடையில் நாற்பத்தொரு மேடைகள். கடைசி மேடை கீல் நகரத்தில். இரண்டாவது பாட்டின் நடுவில் வாய் அசைந்தது, ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. ஓடிப்போய் வயரைப் பார்த்தேன். வயர் நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் விசாரிக்கும் அந்த டாக்டர் கடிதம் வண்டியில், வரைபடத்துக்கு அடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. நேற்று அவள் வீட்டுக்கே போய், எல்லாம் உன் நன்மைக்குத்தான் என்று முதலிலிருந்து சொன்னேன். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, முழுவதையும் கேட்டாள். அவளுக்கும் புரிந்திருக்கிறது. ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை.