மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

அட, கோவப்படாதீங்க சார். நீங்க கோர்ட்டு அமீனான்னு பையப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். கையில இருக்கறது சம்மன்னும் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன், அந்த மஞ்சக் கோட்டத் தாண்டி ஒரு அடி வெச்சீங்கன்னா நான் மணி அடிக்கணும். அந்தப் பக்கம் நம்ம ஊரு சட்டமெல்லாம் செல்லாது. அவங்க சர்வதேச அமைப்பு. கவர்மெண்டே அப்படிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு.

இந்தாங்க, மொதல்ல தண்ணி குடிங்க. இடது கையால நீட்டறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க.

ஜட்ஜு உத்தரவா? இருக்கட்டுமே. போலீஸே உள்ள வர முடியாது சார். போன வருசம் மாடியில ஏசி பத்திக்கிச்சு. தீயணைக்கற வண்டி வந்து இதே கோட்டுல நிக்குது. டைரக்டர் எழுத்துல சரின்னு குடுத்தாத்தான் உள்ள விடலாம். அவரு எங்கயோ மாநாட்டுல இருந்தாரு. அவரு பதில் போடறதுக்குள்ள நெருப்பே அலுத்துப்போய் அணைஞ்சிருச்சு. எதிர்க் கடைக்காரம்மாவோட பூனை ஒண்ணு உள்ள போயிருச்சு. எழுதிப் போட்டு எழுதிப் போட்டு, ரெண்டு மாசங் கழிச்சுப் பூனையக் குடுத்தாங்க. குட்டிங்களத் தரமாட்டேன்னுட்டாங்க. உள்ள பொறந்ததாம்!

என்ன வேலை செய்யறாங்களா? நாட்டுக்கு நாடு கதவு தொறந்து கெடக்கணும்னு பாடுபடறாங்க சார். அதுக்குத்தான் பத்தடி ஒசரத்துக்கு இந்தக் கேட்டு. வெளிநாட்டு மோட்டாரு. தானா தொறக்கும், தானா மூடும்.

சுவத்துல ஒட்டிட்டுப் போறீங்களா? சுவரும் அவங்களுதுதான். அந்த வெளக்குக் கம்பத்துல வேணா ஒட்டுங்க, அது முனிசிபாலிட்டிது. ஆனா கேஸு கம்பத்து மேல இல்லையே.

நியாயமான்னு என்னைக் கேட்டா? மாமியார் ஒடச்சா மண்கொடம், மருமக ஒடச்சா பொன்கொடம். இவங்க மாமியாரு, அவ்வளவுதான்.

நானா? நான் அவங்க ஆளே இல்ல சார். சட்டை மட்டும்தான் அவங்களுது, ஆளு காண்ட்ராக்டு. உள்ள ஒரு புகார்ப் பெட்டி இருக்கு, அது ஸ்டாஃபுக்கு. காண்ட்ராக்டரக் கேட்டா, கேட்டு அவங்களுது, அங்க போய்க் கேளும்பாரு. என் நாற்காலியப் பாருங்க, ரெண்டு காலு உள்ள, ரெண்டு காலு வெளிய. வெயிலு மட்டும் முழுசா எனக்கு.

ஆமா, இது மூணாவது தடவை. இதுவும் திரும்பிப் போச்சுன்னா கேஸக் கட்டி ஓரமா வெச்சிருவாங்க, தெரியும். எப்படித் தெரியும்னா, தெரியும். முன்னாடி வந்த ரெண்டு பேரையும் நான்தான் திருப்பி அனுப்புனேன். ஒருத்தரு, நல்லா இருப்பியாடான்னு கேட்டுட்டுப் போனாரு.

இருங்க, நோட்டுல எழுதிக்கறேன். வந்தவர், அமீனா. காரணம், சம்மன். திருப்பி அனுப்பியவர்ங்கற எடத்துல என் கையெழுத்து. கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்குங்க. எழுத்து கோழி கிண்டுனாப்புல இருக்கும். இந்தக் கையில எழுதப் பழகியே ஆறு மாசந்தான் ஆகுது.

ஏன் சார் நோட்டையும் உங்க காகிதத்தையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க? மனு நகல்ல அடியில இருக்கே, அந்தக் கையெழுத்தா? ஆமா, அதே கோழிதான். சத்தம் போடாதீங்க, மேல கேமரா இருக்கு.

வாதி நான்தான் சார். வலது கைக் கட்டை வெரலு உள்ள போயிருச்சே, அதான் எழுத்து இப்படி. இதே கேட்டு. உள்ள இருந்த வரவேற்பம்மாகிட்ட தபால நீட்டினேன், மூடிக்கிச்சு. கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் கோட்டுக்கு அந்தப் பக்கம், மிச்சம் நான் இந்தப் பக்கம். உடனே கொண்டாந்திருந்தா ஒட்டிப் பாத்திருக்கலாம்னாரு டாக்டரு. உள்ள கெடக்கற பொருள் எதுவானாலும் வெளிய போக பாஸ் வேணும்ல? பாஸ் வந்துச்சு, மறுநா சாயங்காலம். அந்த ரெண்டு வெரலுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்துச்சு சார், எனக்குத்தான் இல்ல.

எங்க கேட்டுதான் நசுக்குச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும்னுதான் கேஸே போட்டேன். மனசு கொதிக்குது சார், கொதிக்காம என்ன செய்யும்? ஆனா இந்தச் சம்மன வாங்கினா இன்னிக்கே வேலை போயிரும். மூணு வெரலுக்காரனுக்கு வேற எவன் வேலை குடுப்பான்? மக இப்பத்தான் காலேஜுல சேந்திருக்கா.

அதனால, வாங்க மறுத்தாருன்னு எழுதிக்குங்க. யாரு மறுத்தான்னு கேட்டா என் பேரையே போடுங்க. எழுத்துக்கூட்டத் தேவையில்ல, சம்மன்ல வாதின்னு மேலயே இருக்கு, பாத்து எழுதிக்கலாம்.

ஐயோ, டைரக்டர் காரு வருது. தள்ளி நில்லுங்க. கேட்டுக் கம்பிய விடுங்க, மோட்டாரு ஓட ஆரம்பிச்சிருச்சு. அது காரப் பாத்தா நிக்கும், பூனையப் பாத்தாக்கூட நிக்கும், நம்மளப் பாக்கத்தான் அதுக்குக் கண்ணு தெரியாது. கைய எடுங்க சார்!