கேரவனில் திருடன் என்று வந்த புகார் குறித்து

எனது பெயர் ஹிலரி பிளென்கின்சாப். வயது 61. காலஞ்சென்ற டெரிக் பிளென்கின்சாப்பின் மனைவி. இங்கிலாந்து, கிரிம்ஸ்பி நகரில் ஃபெரியர் தெரு 9-ஆம் எண் வீட்டில் வசித்து வருகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன்.

எனது மகன் கீரன், மதுக்கடைச் சண்டையில் ஒருவரின் தாடையை உடைத்துச் சிறை சென்றான். தண்டனைக் காலம் முடியுமுன், என் வீட்டில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்டான். அதன் பிறகு வீட்டு இன்சூரன்ஸைப் புதுப்பிக்க நான் போன் செய்தபோது, வீட்டில் வசிக்கும் யாராவது தண்டனை பெற்றவர்களா என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு வேறு பல கம்பெனிகளுக்குப் பேசினேன். எல்லா இடத்திலும் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள், எல்லாரிடமும் முதலிலிருந்து சொல்லி மாய்ந்தேன். ஒருத்தியிடம், "அவன் உடைச்சது ஒருத்தன் தாடையம்மா, எங்க வீட்டுக் கூரையை என்ன பண்ணான்?" என்றேன். "சிஸ்டம் ஏத்துக்கலையேம்மா, நான் என்ன பண்ண?" என்றாள். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் வீட்டுக் கடன் கொடுத்த வங்கி சும்மா இருக்காது. வீடு போனால் மகன் தங்க விலாசமும் போகும்.

எனக்குப் பொய் சொல்ல வராது. ஆகவே விடுமுறைக்குக் காரில் கட்டி இழுத்துப் போக வாங்கி, வாசலில் நிற்கும் எங்கள் கேரவன் வண்டியில் அவனைப் படுக்க வைத்துவிட்டு, அதன் பிறகு இன்னொரு கம்பெனிக்குப் போன் செய்து, வீட்டுக்குள் நான் ஒருத்திதான் என்று சொன்னேன். பாலிசி கிடைத்தது. கீரன், "அம்மா, இது வில்லங்கத்துலதான் போய் முடியும்" என்றான். "வாயை மூடிட்டுப் போர்வையை எடுத்துட்டுப் போடா" என்றேன்.

இன்று காலை அவன் வாயில் பிரஷுடன் கேரவனிலிருந்து இறங்கியதைப் பார்த்து, எதிர்வீட்டு நைஜல் பாக்ளிங்டன் திருடன் என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார். எந்த ஊர்த் திருடன் பல் துலக்கிக்கொண்டு திருட வருகிறான் என்று தெரியவில்லை. கேட்டால், "தாடி வச்சிருந்தானா, அடையாளம் தெரியல ஹிலரி" என்கிறார்.

அதன் பிறகு கான்ஸ்டபிள் சௌடன் அம்மையார் வந்து, இரவு எங்கே படுத்தாய் என்று மகனைக் கேட்டார். வீட்டில் என்றால் என் இன்சூரன்ஸ் போகும். கேரவனில் என்றால் நிபந்தனையை மீறினான் என்று அவனை மறுபடி உள்ளே போட்டுவிடுவார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். அவர் எங்கள் இருவரையும் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்.

அதன் பிறகு நிலையத்தில் கான்ஸ்டபிள் என்னிடம், "உங்க பையன் எங்கதாம்மா குடியிருக்கான்?" என்றார். பதில் சொல்லுமுன் ஒரு போன் செய்ய அனுமதி கேட்டேன். அவர் எதிரிலேயே இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டு, தண்டனை பெற்ற என் மகன் என்னோடுதான் வசிக்கிறான் என்றேன். பாட்டுப் போட்டார்கள். அதன் பிறகு பாலிசியை ரத்து செய்வதாகச் சொன்னார்கள்.

கேரவனில் படுக்க வைத்தது நான். அவன் மேல் குற்றமில்லை. இன்றிலிருந்து மாடி அறையில் படுப்பான். வங்கிக்காரர்கள் தாராளமாக வரட்டும். நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருப்போம்.

நான் சொன்னபடியே எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டு நானே வாசித்தேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

(ஒப்பம்) ஹிலரி பிளென்கின்சாப்