மேடை சென்சார்

எனக்குச் சத்தம் ஆகாது, இன்ஸ்பெக்டர் மேடம். டீக்கடையில்கூடப் பாட்டைக் குறைக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

அறந்தாங்கியில் சரவணக்குமார் கட்டிய மண்டபத்துக்கு ஏசியும் காற்றோட்டமும் அமைத்தது நான்தான். அவர் இருபது வருஷம் துபாயில் இருந்தவர். மேலே முழுக்கக் குளிர்; தரைக்குக் கீழே விறகடுப்பு. 'பாரம்பரிய விருந்து' என்று நோட்டீஸில் போட வேண்டுமாம். ஜன்னல் இல்லாத அறையில் முந்திரி விறகு எரிந்தால் பாரம்பரியம் எந்த வழியாக வெளியே போகும் என்று அவர் யோசிக்கவில்லை. அதற்காகத்தான் நான் ஒரு பெரிய ஃபேன் வைத்தேன்.

அது தானாக வேகம் மாற்றும். புகையில் நச்சுவாயு எவ்வளவு என்று அடுப்படி சென்சார் எண்ணாகச் சொல்லும். முப்பதைத் தாண்டினால் ஃபேன் வேகமெடுக்கும், குறைந்தால் அடங்கும். மேடையருகிலும் ஒரு சென்சார் உண்டு. எதன் பேச்சை ஃபேன் கேட்க வேண்டும் என்பதை என் போனிலிருந்தே மாற்றலாம்.

திறப்பு விழாவில் எனக்குத் 'தென்றல் வேந்தர் பெலிக்ஸ்' என்று பட்டம் கொடுத்தார்கள். நான் கேட்டு வாங்கவில்லை; என்ன பட்டம் என்று எழுதி மட்டும் கொடுத்தேன். ஏற்புரை ஒன்பது பக்கம், போனில் தயார். பகல் பதினொன்றரைக்கு ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது. முன்வரிசைக்கே நான் பேசுவது கேட்காது. ஆகவே மேடை சென்சாரைக் கேட்கும்படி மாற்றினேன். மேடையில் எண் மூன்று. ஃபேன் பணிவாக அடங்கியது. அந்த எண்ணில் பொய் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற சமையல்காரர்கள் இலை போட மேலே வந்துவிட்டார்கள். பாயசம் கிண்ட அமுதவல்லி மட்டும் கீழே. ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர். என் பெயரை அழைப்பதற்குச் சற்று முன் படியேறி வந்தார்.

"சார், காத்தாடி மெதுவாச் சுத்துதுங்க. தலை கிறுகிறுங்குது."

"இப்பத்தாம்மா பாத்தேன். காத்து சுத்தமா இருக்குன்னு காட்டுது."

"இங்கிட்டு நின்னா சுத்தமாத்தாங்க இருக்கும், மாலை மணக்குதுல்ல. அங்கிட்டு வந்து ரெண்டு கிண்டு கிண்டிப் பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது.

"பேசி முடிச்சதும் வாரேன். அதுவரைக்கும் மேலயே இருங்களேன்."

"பாயசம் அடிப்பிடிச்சா வசவு எனக்குத்தாங்க விழும்" என்று இறங்கிப் போனார்.

நான் இருக்கத்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்பது நிமிடம் பேசினேன். அண்டாவுக்குப் பக்கத்தில் அவரைக் கண்டெடுத்தபோது பாயசம் தீய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவர் மகள் வைஷ்ணவி கேட்டாள்: "எங்கம்மா யார்ட்டயும் ஒரு வார்த்த சொல்லலையா சார்? வாய் ஓயாத ஆளுங்க அது."

"இல்லைம்மா" என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நீங்கள் போனைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அடுப்படி சென்சாரை நான் நிறுத்தவில்லை. ஃபேன்தான் அதைக் கேட்கவில்லை. சென்சார் தன் பாட்டுக்கு என் போனுக்கு எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. முதல் முறை நாலாம் பக்கத்தை மறைத்தது, விரலால் தள்ளிவிட்டேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை எண்ணைப் படித்தேன். ஆயிரத்து அறுநூறு. அது மறைத்திருந்த வரி, கீழே அடுப்படியில் நமக்காக வெந்துகொண்டிருக்கும் தாய்மார்களுக்கு நன்றி சொல்லும் வரி. எண்ணைத் தள்ளிவிட்டு, குரல் தழுதழுக்க அந்த வரியை வாசித்தேன்.