தப்பின துடிப்பு

நெருங்கி உக்காருங்க லா. லைட்ட அடைச்சாச்சுல்ல... சரி. இது என் கூட்டாளி லெட்சுமணனோட தாய்மாமா யுகேந்திரனுக்கு நடந்தது. சிரிக்கிறவன் இப்பவே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடு.

ராத்திரி ரெண்டே முக்கால். உலு திராமிலேருந்து கோத்தா திங்கி போற ரோடு. ரெண்டு பக்கமும் செம்பனை. மாமா தனியா லோரி ஓட்டிக்கிட்டுப் போறாரு... திடீர்னு நெஞ்சு தாறுமாறா அடிக்குது. டப்... டப்... நிக்குது. டப். ஓரங்கட்டிட்டாரு. ஒரு மணி நேரம் ஒரு காடி, ஒரு வண்டி வரல. அழுகின செம்பனைக் குலை நாத்தம் வேற. மனுசன் கல்யாணம் கட்டாத ஆளு, வீட்டுலயும் தனி. சாவுறத விடப் பெரிய பயம் ஒண்ணு வந்துருச்சு. செத்தா நாலு நாளாகும், நாத்தம் வந்தாத்தான் பக்கத்து வீட்டுக்குத் தெரியும்... அத நெனச்சு லோரியிலயே அழுதிருக்காரு. எனக்கு இந்தக் கதையில அதுதான் ரொம்பப் பாவமா இருக்கும்.

எப்படியோ தப்பிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. டாக்டர் ஒரு வழி சொன்னாரு. தொடை ரத்தக் குழாய் வழியா மெல்லிசா ஒரு ஒயர விடுவாங்க, கத்தீட்டர்னு பேரு. அது நெஞ்சுக்குள்ள போய், தப்பா துடிக்கிற எடத்தத் தேடிச் சுட்டுரும். செஞ்சாச்சு. மாமா அரை முழிப்புல இருந்தாரு. சுடும்போது முடி கருகின வாடை வந்துச்சாம். பக்கத்துல நின்ன நர்ஸ் மிஸிகிட்ட கேட்டதுக்கு, அப்படியெல்லாம் வராதுன்னுட்டாங்க.

வீட்டுக்கு வந்த மொத ராத்திரி நெஞ்சு ஒழுங்கா அடிச்சுச்சு. நிம்மதியாத் தூங்கினவருக்கு ரெண்டே முக்காலுக்கு முழிப்பு தட்டுச்சு...

டப்... டப்... நிறுத்தம். டப்.

நெஞ்சுல கை வச்சுப் பாத்தாரு. அது ஒழுங்காத்தான் இருக்கு. சத்தம் மெத்தையிலேருந்து வருது. பக்கத்துல, காலியாக் கெடக்குற பாதியிலேருந்து. அப்புறம் தெனமும் வந்துச்சு.

அடுத்த செக்கப்புல, நெஞ்சுல ஒட்டுற சின்ன மெஷின் ஒண்ணக் குடுத்து ஒரு நாள் பூரா மாட்டிக்கச் சொன்னாங்க. திருப்பிக் குடுத்தப்போ அதுல பதிவானதப் பாத்த ஆஸ்பத்திரிப் பொண்ணு கொழம்பிப் போச்சு. ராத்திரி பூரா ரெண்டு நெஞ்சோட துடிப்பு பதிவாயிருக்கு.

"அங்கிள், யாரையாவது கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கினீங்களா?"

மெஷின் கோளாறா இருக்கும், மறுபடி மாட்டிப் பாக்கலாம்னாரு டாக்டர். மாமா வேணாம்னுட்டாரு. ஏன்னு அப்ப யாருக்கும் புரியல.

போன மாசம் லெட்சுமணன் தொணைக்குப் படுக்கப் போனான். பெரிய கட்டில்... மாமா ஒரு ஓரமா ஒடுங்கிப் படுத்திருந்தாரு. அவன் அந்தப் பக்கம் ஏறப் போனான். கையப் புடிச்சு நிறுத்திட்டாரு. மொகத்துல பயமே இல்லையாம்.

"கீழ பாய் போட்டுக்கடா. எனக்கு இனிமே தொணை வேணாம்."

சரின்னு பாய எடுக்கக் குனிஞ்சவன், அந்தப் பக்க மெத்தையில கைய ஊணுனான்.

பள்ளமா இருந்துச்சு... சூடாவும் இருந்துச்சு.