முள் குத்தினால் ஊரைக் கூட்டுகிறவர்கள்

“முள்ளு குத்துனாலே ஊரக் கூட்டுவான் தஞ்சாவூர்க்காரன். இது பழைய சொலவடை மாப்ள.”

“நான் கேட்டதே இல்லையேண்ணே. நீங்களா அடிச்சு விடாதீக.”

“போடா. எங்க தாத்தன் சொல்லியே கேட்டிருக்கேன்.”

மொக்கையனும் பால்பாண்டியும் என் காப்பிக் கிளப்பில் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தச் சொலவடையை அதற்கு முந்தின மாதம் பல் விளக்கும்போது நான்தான் உண்டாக்கினேன்.

இது திருமங்கலத்தில், முப்பத்தாறாம் வருடம். என் கடைக்கு எதிரே ஐயாறப்பன் என்ற தஞ்சாவூர்க்காரர் புதிதாகக் கிளப் போட்டிருந்தார். நல்ல மனிதர். காப்பியும் நன்றாக இருக்கும். நானே ஆள் அனுப்பி வாங்கிக் குடித்திருக்கிறேன். அதுதான் தொந்தரவு. என் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டு வந்தன. காப்பியைக் குறை சொன்னால் குடித்தவன் நம்பமாட்டான். ஊரைக் குறை சொன்னால் அந்த ஊரைப் பார்க்காதவனும் நம்புவான்.

சொல்லுக்குக் கால் முளைத்தது. மதுரை பஸ்ஸில் கண்டக்டர் அதை எனக்கே சொன்னார். டி. கல்லுப்பட்டியில் மெட்டுப் போட்டுப் பாடினார்களாம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க்காரர்கள் ஐயாறப்பனிடமே போய், “என்னண்ணே, இன்னைக்கு முள்ளு குத்துச்சா?” என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். பாவம், அவரும் சிரித்துவைப்பார்.

ஒரு மத்தியானம் அவர் கடையை ஒட்டிய கிணற்றுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. “ஐயோ, யாராவது வாங்களேன்.” மொக்கையன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

“உக்காருங்கண்ணே. முள்ளு குத்தியிருக்கும்” என்றேன்.

கடையே அதிர்ந்தது. பால்பாண்டிக்குப் புரையேறி மூக்கு வழியாகக் காப்பி வந்தது. மறுபடி சத்தம், மறுபடி சிரிப்பு. அப்புறம் சத்தம் வரவில்லை.

மற்றவர்களுக்குத் தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து கிணறு தெரியும். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஐயாறப்பன் கால் வழுக்கி உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். எனக்கு நீச்சல் நன்றாக வரும். ஆனால் கடை நிறைய ஆள் உட்கார்ந்து அப்படிச் சிரித்து எம்புட்டு நாளாகியிருந்தது.

அவரை நான் தொடக்கூட இல்லை.

இப்போது எதிர்க்கடையை ஒரு திருநெல்வேலிக்காரர் எடுத்திருக்கிறார். காப்பி மோசமில்லை. திருநெல்வேலிக்காரர்களைப் பற்றி உங்கள் பக்கம் ஏதாவது சொலவடை இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். சின்னதாக இருக்கட்டும். தாத்தா காலத்தது என்று நம்பும்படி இருந்தால் போதும்.